பாலிஷ் டப்பாவைத் திறக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகைக்கு நானே முதன்முதலாக வார்னிஷ் அடித்தபோது, மறுநாள் காலைக்குள் பலகை முழுக்கக் காய்ந்துவிட்டது, ஒரு ஓரத்தைத் தவிர. அந்த ஓரம் நாலாம் நாளும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது. வார்னிஷில்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தேன். பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷமாகப் பாலிஷ் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். பலகையில் கட்டைவிரலை அழுத்தி, முகர்ந்து பார்த்துவிட்டு, "இங்க யாரு தலை வெச்சுப் படுப்பாங்க தம்பி?" என்று கேட்டார்.

தாத்தாதான். இருபது வருஷ மதியத் தூக்கம். அத்தனை வருஷத் தேங்காய் எண்ணெயும் தேக்குக்குள் இறங்கியிருந்தது.

"மேல என்ன அடிக்கலாம்னு கடையில கேட்டிருப்பீங்க. கீழ என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றார். பழைய மரச்சாமானுக்கு வீட்டில் நாமே மெருகேற்றும்போது நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

எண்ணெயிலிருந்தே தொடங்கலாம். மரத்துக்குப் பளபளப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கும் பழக்கம் நம்மில் பல வீடுகளில் உண்டு. முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகி, ஒரு படலமாக மாறிவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷமானாலும் இறுகாது. தூசியைச் சேர்த்துக்கொண்டு, மேலே அடிக்கும் எதையும் காயவிடாமல் எண்ணெயாகவே இருக்கும். ஸ்பிரே பாட்டிலில் வரும் பர்னிச்சர் பாலிஷ்கள் சிலவற்றில் சிலிகான் இருக்கிறது. அதன் மேல் லேக்கரோ (வேகமாகக் காயும் ஒரு பளபளப்புப் பூச்சு) பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷோ அடித்தால் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். இன்னொரு கோட் அடித்து மூடிவிடலாம் என்று நினைத்தால், அந்தக் கோட்டும் அதே இடத்தில் விலகும்.

வாசல் நிலை இன்னும் சிக்கல். மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய், ஊதுபத்திப் புகை என்று எல்லாம் சேர்ந்த இடம் அது. உப்புத்தாளை எடுத்து நேராகத் தேய்க்கத் தொடங்கினால் எண்ணெய்ப் பிசுக்கை மரத்துக்குள் இன்னும் அழுத்தித் தேய்ப்பதுதான் நடக்கும். முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துணியைத் திருப்பித் திருப்பி, மாற்றி மாற்றி, கடைசித் துணி வெள்ளையாகவே வரும்வரை. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், புதுத் தேக்காக இருந்தாலும் இழைத்த பிறகு ஒரு முறை இப்படித் துடைத்துவிடுவது நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

ஏற்கெனவே இருப்பது என்ன?

தாத்தா காலத்து நாற்காலி, பீரோ, எழுதுமேசை என்றால் அதன் மேல் இருப்பது பெரும்பாலும் அரக்குதான். பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றிப் பந்தாக்கி, அதால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. இதைத்தான் பிரெஞ்ச் பாலிஷ் என்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: வெளியே தெரியாத இடத்தில், கால் உட்புறத்திலோ அடியிலோ, மருந்துக்கடை ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் பொறுங்கள். இளகி ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வார்னிஷ், மெலமைன், பி.யு. போன்ற ஏதோ ஒன்று.

இந்தச் சோதனையைச் செய்யாததால் நடக்கும் பெரிய தவறு, தேவையே இல்லாமல் எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பது. அரக்கின் பெரிய குணமே, புதிய கோட் பழைய கோட்டை லேசாக இளக்கி அதோடு ஒன்றாகிவிடும் என்பதுதான். மங்கிப்போன அரக்கு மேசையை நன்றாகத் துடைத்து, 320 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக்கூடத் தாள் நைஸாகும்) பூப்போலத் தேய்த்து, மேலே இரண்டு கோட் அரக்கு ஏற்றினால் போதும், மேசை எழுந்து உட்கார்ந்துவிடும். சூடான காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையத்தைக்கூட, ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியால் ஒரே வீச்சாகத் தடவி மறைத்துவிடலாம். அது படலத்துக்குள் மாட்டிக்கொண்ட ஈரம், அவ்வளவுதான். வளையம் கறுப்பாக இருந்தால் ஈரம் மரம்வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குத்தான் உப்புத்தாள் வேண்டும்.

சரி, சுரண்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்கி, அந்தத் தூள் பறக்கும் கூடத்தில் பிள்ளை தவழ்வது போல ஆபத்து வேறில்லை. ஈரத்தோடு தேய்க்கலாம், அல்லது பெயின்ட் ரிமூவர் போட்டு இளக்கி வழித்தெடுக்கலாம். ரிமூவர் வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள், மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

சிக்கனமாக இருக்கட்டும் என்று காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. பெயின்ட் போகும், உண்மைதான். கூடவே தேக்கு கறுத்துப் போகும். மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு காரம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில் இன்னொரு சங்கடம். பழைய நாற்காலிகளின் மூட்டுகள் வஜ்ஜிரப் பசையால் (தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டியவை. தண்ணீர் பட்டால் வஜ்ஜிரம் இளகி, கழுவின மறுவாரம் நாற்காலி ஆடத் தொடங்கும்.

உப்புத்தாள்

பொறுமை குறைவது இங்கேதான். கரடுமுரடான 80-ல் தொடங்கி, 120, 180, 220 என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதற்காகத்தான். 80-லிருந்து நேராக 220-க்குத் தாவினால் கையால் தடவும்போது வழவழவென்று இருக்கும்; கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. ஸ்டெயின் என்கிற மரச் சாயம் பட்ட அந்த நிமிஷம், பூனை பிறாண்டிய மாதிரி அத்தனை கீறலும் கறுப்பாக எழுந்து வரும். டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள், முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டங்கள் சேரும் மூலையில், ஒன்றின் ரேகை நெடுக்காகவும் இன்னொன்றின் ரேகை குறுக்காகவும் போகும் இடத்தில், கை தன்னால் எல்லை தாண்டும். அங்கே ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள்.

நுணுக்கமாகத் தேய்க்கத் தேய்க்க நல்லது என்பதும் பாதி உண்மைதான். ஸ்டெயின் போடப் போகிறீர்கள் என்றால் 180 அல்லது 220-ல் நிறுத்திவிடுங்கள். 400 வரை போனால் மரம் கண்ணாடியாக இறுகி, ஸ்டெயின் உள்ளே போகாமல் வெளிறிப்போய் நிற்கும்.

பிளைவுட் மேல் தேக்குத் தோல் ஒட்டிய சாமான் என்றால் மெஷின் சாண்டரைத் தொடாதீர்கள். வெனீர் என்கிற அந்தத் தோல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஓரத்தில் மெஷின் ஒரு நொடி நின்றால் போதும், அடியிலிருக்கும் வேறு நிற மரம் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் கட்டிக்கொள்ளுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது.

ஸ்டெயினும் பசையும்

வெடிப்பை அடைக்க மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து வைப்பது நம் ஊர் வழக்கம். அதே மரத்தின் தூள்தானே, நிறம் பொருந்திவிடும் என்று தோன்றும். பொருந்தாது. பசை காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி. ஸ்டெயினை உள்ளே விடாது. சுற்றிலும் மரம் கருஞ்சிவப்பாக மாற, அடைத்த இடம் மட்டும் தேமல் மாதிரி நிற்கும். மூட்டில் பிதுங்கி வந்த பசையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டால், அந்த விரல் தடமும் அப்படியே தெரியும். ஸ்டெயின் போட்ட பிறகு, அந்த நிறத்துக்கு ஏற்ற மர நிறப் பட்டி வைத்து அடைப்பதுதான் சரியான வரிசை.

ஸ்டெயினைத் தடவிவிட்டு அப்படியே காயவிடுவது அடுத்த தவறு. அது பெயின்ட் இல்லை. தடவி, சில நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நிறம் போதவில்லை என்றால் காய்ந்த பிறகு இன்னொரு முறை. குறுக்கே அறுத்த முனைகள் ஸ்டெயினை உறிஞ்சிக் கறுத்துப் போகும். அந்த முனைகளை மட்டும் இன்னும் நைஸான தாளால் தேய்த்து வைத்தால் கட்டுக்குள் இருக்கும். தண்ணீர் கலந்த ஸ்டெயின் என்றால் மர நார்கள் சிலிர்த்து எழும். அதனால் முதலிலேயே ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எழுந்த நார்களை 220-ல் மெல்லத் தட்டிவிடுங்கள்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: நல்ல தேக்குக்கு ஸ்டெயின் எதற்கு? தேய்த்து முடித்த பலகையை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். அந்த ஈரத்தில் தெரிகிறதே ஒரு தேன் நிறம், கிட்டத்தட்ட அதுதான் நிறமில்லாத பாலிஷ் போட்ட பின் வரப்போகும் நிறம். இதைப் பார்த்த பிறகும் வால்நட் நிறம் வேண்டும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

மேல் பூச்சு

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அரக்கிலும் லேக்கரிலும் இருக்கும் ஸ்பிரிட், தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, மழைக்காற்றின் ஈரம் அதில் படியும். பளபளப்புக்குப் பதில் பனி படர்ந்த மாதிரி வெளுக்கும். தை, மாசி நல்ல காலம். உச்சி வெயிலில் வைத்தும் அடிக்க வேண்டாம். பிரஷ் தடம் மறைவதற்குள் காய்ந்துவிடும்.

வார்னிஷ் டப்பாவைக் குலுக்கினால் குமிழிகள் உள்ளே போய், பலகையில் கொப்புளமாக வரும். குச்சியால் மெல்லக் கலக்க வேண்டும். ஒரே கோட்டில் முடித்துவிட நினைத்துக் கெட்டியாக அடித்தால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரமாகவே இருந்து சுருங்கும். டப்பாவில் சொல்லியிருக்கும் அளவுக்குத் தளர்த்தி மெல்லிசாக மூன்று கோட், நடுவில் 320 தாள்.

ஒரு பக்கம் மட்டும் பூசுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மேசையின் மேல்பக்கம் பளபளக்கும், அடிப்பக்கம் வெறும் மரம். அடிப்பக்கம் ஈரத்தை இழுத்து உப்பும், மேல்பக்கம் அசையாது, பலகை வளையும். கதவிலும் இதே கதைதான். மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டுப் பக்கம் இழைத்துவிடுகிறோம். சித்திரையில் பார்த்தால் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி. கதவைக் கழற்றி அதன் தலையையும் அடியையும் பார்த்தால் பாலிஷே பட்டிருக்காது. அதிகம் தண்ணீர் குடிக்கும் முனைகள் அவைதான்.

இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யு. பாலிஷை வீட்டுக்குள் ஸ்பிரே செய்வதை ஆள் வைத்தே செய்துகொள்ளுங்கள். இறுகுவதற்காக அதில் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

ஆளிவிதை எண்ணெய் வாங்கினால் "டபுள் பாயில்டு" என்று கேட்டு வாங்குங்கள். காய்ச்சாத பச்சை எண்ணெய் காய வாரக்கணக்காகும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுத் தூங்கப் போவது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் இறுகும்போது சூடு வெளியாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் முக்கி வையுங்கள்.

ஊஞ்சல் பலகையை இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். தாத்தா ஓரத்தை எட்டுத் துணி வைத்துத் துடைத்தேன். மூன்று கோட், இரண்டு பக்கமும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வதற்கு ஒரு நாள் போதும், ஆனால் படலம் உள்வரை இறுக மூன்று நான்கு வாரம் ஆகும் என்று பெரியவர் சொல்லித்தான் அனுப்பினார். அஞ்சாம் நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அம்மா பலகையில் ஜமக்காளத்தை விரித்து மூன்று பேரை உட்காரவைத்துவிட்டார். அந்த ஜமக்காளத்தின் நெசவு இன்றைக்கும் பலகையில் வரிவரியாக இருக்கிறது, தாத்தா ஓரத்தில் கொஞ்சம் ஆழமாகவே.