வீட்டிலேயே எடைப் பயிற்சி: ஐந்து அசைவுகள், ஒரு நோட்டு, ஒரே விதி

எடைப் பயிற்சியை ஆர்வத்தோடு தொடங்கிச் சில வாரங்களில் கைவிட்டவர்களுக்காகவும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்காகவும் இந்தச் செய்முறையை எழுதுகிறேன். பயிற்சி நின்றுபோவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வதை நான் முழுவதும் ஏற்பதில்லை. இன்று எந்தத் தசைக்கு, எத்தனை கிலோ, எத்தனை முறை, யாருடைய காணொளியைப் பார்த்து என்று ஒவ்வொரு காலையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தால், எப்படிப்பட்ட ஆர்வமும் வடிந்துவிடும். ஆகவே எல்லா முடிவுகளையும் முதல் நாளே எடுத்துவிட்டு, அடுத்த மூன்று மாதங்களுக்கு எதையும் மாற்றாமல் இருப்பதுதான் இந்த முறையின் அடிப்படை. நான் பல ஆண்டுகளாக வீட்டில் பின்பற்றுவது இதைத்தான்.

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

வாங்க வேண்டியவை

பிளேட் மாற்றக்கூடிய டம்பெல் ராடு இரண்டு, இரண்டுக்கும் சேர்த்து முப்பது கிலோ அளவுக்குப் பிளேட்டுகள், ஆடாத பெஞ்சு அல்லது ஸ்டூல் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. தொடக்கத்திற்கு இவ்வளவு போதும். பிளேட் வாங்கும்போது பெரியவற்றையே அடுக்கிக்கொண்டு வராமல், அரைக் கிலோ பிளேட்டுகள் குறைந்தது நான்கு இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். காரணம் பின்னால் வரும். ராடுக்கும் எடை உண்டு என்பதால், அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கையுறை, இடுப்புப் பெல்ட், விலையுயர்ந்த காலணி எதுவும் இப்போது தேவையில்லை. வெறுங்காலுடன் நின்று செய்வதே நல்லது. வியர்வையில் பிடி நழுவினால் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. விடுதி அறையில் தங்கியிருப்பவர்களுக்கு அவை உதவும் என்றாலும், எவ்வளவு இழுத்தால் எத்தனை கிலோ என்று நோட்டில் எழுத முடியாது. எழுத முடியாததை அடுத்த வாரம் கூட்டவும் முடியாது. இதே காரணத்திற்காகவே கைபேசிச் செயலிகளைவிட நோட்டை விரும்புகிறேன் என்று சொல்ல முடியாது, ஏனெனில் செயலிகள் நன்றாகவே கணக்கு வைக்கின்றன. ஆனால் எடையைக் குறிப்பதற்காகக் கைபேசியைத் திறந்தவர் அதே வேகத்தில் அதை மூடி வைத்ததை நான் பார்த்ததில்லை.

ஐந்து அசைவுகள்

வாரத்தில் மூன்று நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இந்த ஐந்தையும் ஒவ்வொன்றும் மூன்று செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட், அதில் ஒவ்வொரு முறை செய்வதும் ஒரு ரெப்) வீதம் செய்ய வேண்டும்: டம்பெல்லை நெஞ்சருகே பிடித்துச் செய்யும் ஸ்குவாட், தண்டால், பெஞ்சில் ஒரு கையை ஊன்றி மறு கையால் இழுக்கும் ரோ, ருமேனியன் டெட்லிஃப்ட், நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ். உட்காருதல், தள்ளுதல், இழுத்தல், குனிந்து தூக்குதல், மேலே ஏற்றுதல் ஆகியவை இவற்றில் அடங்கிவிடுவதால், பைசெப்ஸுக்குத் தனி நாள், தோளுக்குத் தனி நாள் என்ற பகுப்பு தொடக்கநிலையில் தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட, முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்குமான வலுப் பயிற்சியை வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் செய்யுமாறுதான் பெரியவர்களுக்குச் சொல்கிறது. நாம் மூன்று நாள் திட்டமிடுவதால், ஒரு நாள் தவறினாலும் அந்த அளவுக்குக் கீழே போக மாட்டோம்.

மூன்று செட் என்ற எண்ணிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்களின் கால் தசைகளை மீட்பதற்காக, தாமஸ் டிலோர்ம் என்ற இராணுவ மருத்துவர் படிப்படியாக எடையைக் கூட்டும் முறையைக் கையாண்டு 1945இல் அதைப் பற்றி எழுதினார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை செய்யவைத்தவர், பின்னர் அவ்வளவு தேவையில்லை என்று கண்டு, பத்து முறை வீதம் மூன்று செட்டாகக் குறைத்தார். இன்றைய ஜிம்களில் கேட்கும் 'மூணு செட்டு, பத்து ரெப்பு' அந்த மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வந்தது.

ஸ்குவாட்டில் டம்பெல்லைச் செங்குத்தாகப் பிடிப்பதால், கீழ்ப்பக்கத்துப் பிளேட்டுகளின் முழு எடையும் அங்கிருக்கும் நட்டின் மீது நிற்கும். ஒவ்வொரு செட்டுக்கும் முன்பு அந்த நட்டைக் கையால் திருகி இறுக்கிவிடுங்கள். இரண்டு செட்டுக்குள் அது அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும். கால்விரல் மீது இரண்டரைக் கிலோ பிளேட் விழுந்தால் அந்த மாதப் பயிற்சி அத்துடன் முடிந்தது.

தண்டால் எடுக்க வராதவர்கள் முட்டியை ஊன்றிச் செய்வதைவிட, சமையல் மேடையில் கைகளை ஊன்றி உடலைச் சாய்வாக வைத்துச் செய்வது நல்லது. மேடையில் பன்னிரண்டு எளிதாக வந்ததும் அதைவிடத் தாழ்வான பெஞ்சு, பிறகு மாடிப்படியின் இரண்டாவது படி, பிறகு தரை என்று இறங்கிக்கொண்டே போகலாம். உடல் தலைமுதல் குதிகால்வரை ஒரே கோட்டில் இருக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிடும்.

ருமேனியன் டெட்லிஃப்ட் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக் கற்க வேண்டியது. குனியச் சொன்னால் பெரும்பாலோர் முதுகை வளைக்கிறார்கள். இங்கே முதுகு நேராகவே இருக்க, இடுப்பு மட்டும் பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டு கையிலும் பொருள் இருக்கும்போது பீரோ கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவுதான் இது. எடையில்லாமல் இப்படிப் பழகுங்கள்: சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நின்று, முட்டியை இலேசாகத் தளர்த்தி, பின்புறம் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். தொட்டதும் இரண்டு விரல் அகலம் முன்னால் நகர்ந்து மறுபடியும் செய்யுங்கள். நகர நகர, ஓரிடத்தில் தொடையின் பின்பக்கம் கயிறு இழுத்ததுபோல் விறைக்கும். அதுதான் உங்களுடைய எல்லை, அதற்குக் கீழே எடையை இறக்க வேண்டியதில்லை. முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒட்டடைக் கம்பை முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையின் பின்பக்கம், தோள்பட்டைகளின் நடு, முதுகெலும்பின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு தொட்டபடியே இருக்க வேண்டும். எந்த இடத்தில் விலகினாலும் அங்கேயே நின்று திரும்பிவிடுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்துவிட்டு, பிறகு டம்பெல்லைக் கையில் எடுக்கலாம்.

எடையைக் கூட்டும் விதி

எட்டு ரெப் நல்ல முறையில் செய்ய முடிகிற எடையில் தொடங்குங்கள். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்த பிறகுதான் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டியதும் எண்ணிக்கை எட்டு, ஒன்பதுக்கு இறங்கும், மறுபடியும் பன்னிரண்டுக்கு ஏறுவீர்கள். நோட்டில் அது இப்படி இருக்கும்:

ரோ 10 கி: 10, 9, 8
ரோ 10 கி: 11, 10, 9
ரோ 10 கி: 12, 12, 12
ரோ 12 கி: 9, 8, 8

முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் நாலைந்து வரிகள் வரலாம். ஒரு நாள் முந்தைய நாளைவிடக் குறையவும் செய்யலாம். தூக்கம் கெட்ட மறுநாள் குறைவது இயல்புதான். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் மீதம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மீதம் இருக்கிறதா என்பதை ரெப்பின் வேகம் காட்டிவிடும்: அதுவரை ஒரே சீராக மேலே போன எடை திடீரென்று ஊர்ந்து போகத் தொடங்கினால் போதும் என்று அர்த்தம். கை நடுங்கி எடை பாதியில் நிற்கும்வரை போனால் அன்றைய மற்ற செட்டுகள் சரியும், வலியும் இரண்டு மூன்று நாட்களுக்கு இழுக்கும்.

இந்த விதியைக் காகிதத்தில் படிக்கும்போது எந்தச் சிக்கலும் தெரியாது. என்னை நெடுநாள் ஓரிடத்திலேயே நிற்கவைத்தது, தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் எடையைக் கூட்டும் இடம்தான். டம்பெல்லின் ஒரு முனையில் மட்டும் பிளேட் சேர்க்க முடியாது. முனைக்கு ஒரு கிலோ வீதம் சேர்த்தால் ஒரு டம்பெல்லில் இரண்டு கிலோ கூடிவிடும். பதினாறு கிலோவில் ஸ்குவாட் செய்பவருக்கு இரண்டு கிலோ என்பது எட்டில் ஒரு பங்குதான், கால் அதைக் கவனிக்காமலே ஏற்றுக்கொள்ளும். ஆறு கிலோவில் பிரஸ் செய்பவருக்கோ அது மூன்றில் ஒரு பங்கு. ஆறு கிலோவில் பன்னிரண்டு வந்தவருக்கு எட்டு கிலோவில் ஐந்துகூட வராமல் போகும், வலு கூடவே இல்லையோ என்ற எண்ணமும் வரும். உண்மையில் அவருடைய தோளில் குறை ஏதும் இல்லை, பிளேட்டில்தான் இடைப்பட்ட அளவு இல்லை.

அரைக் கிலோ பிளேட் நான்கு இருந்தால் இந்தப் பாய்ச்சல் பாதியாகிவிடும் என்பதால்தான் மேலே அவற்றைக் கேட்டு வாங்கச் சொன்னேன். கிடைக்காத ஊர்களில், நடைப்பயிற்சிக்காக விற்கும் அரைக் கிலோ மணல் பட்டைகளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பிரஸ் செய்யலாம். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் கணக்கு சரியாக வரும். இரண்டும் இல்லையென்றால் பிரஸ்ஸுக்கு மட்டும் மேல் எல்லையைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்தாக்கிவிட்டு, எடை கூட்டும் நாளில் முதல் செட்டை மட்டும் புதிய எடையிலும் மற்ற இரண்டைப் பழைய எடையிலும் செய்யுங்கள். முதல் செட்டில் எட்டு வந்ததும் இரண்டாவது செட்டையும் மாற்றலாம். நான் இப்போதும் பிரஸ்ஸில் இப்படித்தான் ஏறுகிறேன்.

நேரம், ஓய்வு, தவறிய நாட்கள்

செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. பதினைந்து செட்டுக்கும் வார்ம்-அப்புக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் தண்டாலையும் ரோவையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒன்று தள்ளும் தசைக்கும் மற்றது இழுக்கும் தசைக்கும் ஆனதால், ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றது வேலை செய்யும். வார்ம்-அப்புக்கு அதே அசைவை எடையில்லாமல் ஒரு செட்டும் பாதி எடையில் ஒரு செட்டும் செய்தால் போதும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். கல்யாணம், பயணம், தேர்வு என்று நேரமே கிடைக்காத வாரங்களுக்காக ஒரு குறுகிய வடிவத்தை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: ஸ்குவாட், தண்டால், ரோ மூன்றிலும் ஒவ்வொரு செட், அவ்வளவே. இது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பதினாறு வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அடுத்த முப்பத்திரண்டு வாரங்களுக்குப் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தார்கள். இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்கள் அதைக்கொண்டே தசையின் அளவைக் காத்துக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசையின் அளவு குறைந்தாலும், கிடைத்த வலுவில் பெரும்பகுதி நிலைத்தது.

பயிற்சியே நின்றுபோய் இரண்டு வாரத்துக்குள் திரும்பினால் பழைய எடையிலேயே தொடங்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள்.

சாப்பாடு

சுருக்கமாகவே சொல்கிறேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பொதுவான பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம்வரை பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அறுபது கிலோ உள்ளவருக்கு அது 96 கிராம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம்தான் என்பதால், சாம்பாரில் இருக்கும் பருப்பை மட்டும் நம்பி இந்த அளவை எட்ட முடியாது. முட்டை, மீன், சிக்கன், பனீர், சோயா, சுண்டல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். புரதப் பவுடர் வசதிக்கான பொருள், அதை வாங்காததால் எதுவும் கெட்டுவிடாது.

பிற்சேர்க்கை

தண்டாலில் மணிக்கட்டு வலிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டம்பெல்லைத் தரையில் வைத்து அதன் பிடியைப் பற்றிக்கொண்டு செய்தால் மணிக்கட்டு மடங்காது. ஆனால் வட்டப் பிளேட் உருளும், அதற்கு அறுகோண டம்பெல்தான் சரிப்படும்; இல்லையென்றால் தனியாக விற்கும் புஷ்-அப் பார் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்குவாட்டில் முட்டி 'டக்' என்கிறதே என்று கேட்டவர்களுக்கு: வலியோ வீக்கமோ இல்லாத சத்தம் பெரும்பாலும் கவலைக்குரியதன்று. வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுழற்சி முறைப் பணியில் இருக்கும் வாசகர் ஒருவர், திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ள இயலவில்லை என்றார். இப்படிப்பட்டவர்கள் கிழமைகளை மறந்துவிட்டு, ஒரு பயிற்சி முடிந்து 48 மணி நேரம் கழித்து வரும் முதல் விழிப்பு நேரத்தில் அடுத்ததைச் செய்யலாம். இரவுப் பணி முடிந்து வந்தவுடன் மட்டும் வேண்டாம். தூங்கி எழுந்து, ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி வந்தால், எந்த ஷிஃப்டில் எண்ணிக்கை குறைகிறது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். அந்த ஷிஃப்ட் வரும் வாரத்தில் எடையைக் கூட்டாமல் தள்ளிப்போடலாம்.