ஞாயிற்றுக்கிழமை அரிந்து, புதன்கிழமை வதக்கும் புல்கோகி

மாட்டுக்கறி என்றாலே குக்கரில் ஆறேழு விசில் விட்டு, அதன் பிறகு மசாலாவில் சுண்ட வைப்பது என்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். ஆகவே கோவையிலோ திருப்பூரிலோ வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற ஒருவர், ஒன்பது மணிக்குள் மாட்டுக்கறி சமைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்பதை எளிதில் நம்புவதில்லை. சோயா சாஸில் ஊறவைத்த மெல்லிய மாட்டுக்கறியை வதக்கிச் செய்யும் கொரியர்களின் புல்கோகியில் கறி அடுப்பின்மேல் இருப்பது சில நிமிடங்களே. அந்த வேகம் அடுப்பில் பிறப்பதில்லை. கறிக்கடையில் எந்தப் பாகத்தைக் கேட்டு வாங்குகிறோம், வீட்டில் அதை எப்படி அரிகிறோம் என்ற இரண்டில்தான் அது அடங்கியிருக்கிறது. இவ்விரண்டையும் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டால், வார நாளில் மிஞ்சுவது வதக்குகிற வேலை மட்டும்தான்.

கொரியாவில் இதற்கு முதுகு, விலாப் பகுதிகளின் கறியை எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அரிகிறார்கள். அங்குள்ள ஹன்வூ என்னும் நாட்டு மாட்டினம் இறைச்சிக்காகவே வளர்க்கப்படுவதால், தசைக்குள்ளேயே கொழுப்பு இழையிழையாக ஓடியிருக்கும். அந்தக் கறி தீயைப் பார்த்தவுடன் இளகிவிடும். நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வயதேறிய மாட்டின் கறி அல்லது எருமைக்கறி. அதன் நாரும் சவ்வும் நீண்ட நேரம் வெந்தால்தான் கரையும். எனவே கொரிய முறையை அப்படியே பின்பற்றினால் மெல்ல முடியாத கறிதான் கிடைக்கும். சவ்வில்லாத பாகத்தைத் தேர்ந்தெடுப்பதும், மிஞ்சியிருக்கும் நாரைக் கத்தியால் குறுக்கி விடுவதும்தான் நாம் செய்ய வேண்டிய மாற்றம்.

கோவையில் உக்கடம், கோட்டைமேடு, போத்தனூர்ப் பக்கத்துக் கடைகளில் அண்டர்கட் என்று கேட்டாலே புரியும். மாட்டின் உடலில் மிகவும் மிருதுவான பாகம் அதுதான். ஆனால் அது ஒரு மாட்டில் கொஞ்சமே இருக்கும், காலையிலேயே தீர்ந்தும் விடும். கிடைக்காதபோது தொடைக்கறி போதும். "பாய், குழம்புக்கு இல்லைங்க, மெல்லிசா அரியறதுக்கு. தொடையில சவ்வில்லாத பக்கமா அரைக்கிலோ ஒரே துண்டாக் கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் சதுரத் துண்டுகளாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். அப்படி வெட்டிய கறியை மீண்டும் மெல்லிசாக அரிவது பெரும் பாடு.

வீட்டுக்கு வந்ததும் மேலே படிந்திருக்கும் வெள்ளைச் சவ்வை உரித்தெடுத்துவிட்டு, கறியைத் துடைத்து, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். விரலால் அழுத்தினால் மேல்பகுதி கெட்டியாகவும் நடுப்பகுதி சற்றே விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கும் நிலையில் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் கத்திக்கு அடியில் வழுக்கும், மிகவும் உறைந்துவிட்டால் கத்தியே இறங்காது. பலகையில் வைத்துக் கூர்ந்து பார்த்தால், கறியில் நூல் நூலாக ஒரே திசையில் ஓடும் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே, கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, தாள் போல அரியுங்கள். சரியாக அரிந்த துண்டை இரு கையாலும் மெல்ல இழுத்தால் எளிதில் பிரிந்துவரும்; நீளவாக்கில் அரிந்த துண்டோ ரப்பரைப்போல் இழுபடும். இந்த ஒரு சோதனையை முதல் துண்டிலேயே செய்து பார்த்து, தேவையானால் கறியைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இந்த இடத்தில் காட்டும் பொறுமைதான் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது.

தொடைக்கறியாக இருந்தால், அரிந்த அரைக்கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, இருபது நிமிடம் விடலாம். சோடாவால் கறியின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடும்போது, சூட்டில் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்வது குறைந்து, கறி தன் நீரைத் தக்கவைத்துக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் சோப்பு வாடை வந்துவிடும் என்பதால் கண்ணளவில் போட வேண்டாம். அண்டர்கட்டுக்கு இது தேவையே இல்லை.

இனி ஊறவைக்கும் கலவை. அரைக்கிலோ கறிக்கு நான்கு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை, தட்டிய பூண்டு ஆறேழு பல், சிறு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், துருவிப் பிழிந்த பாதிப் பேரிக்காயின் சாறு ஆகியவை போதும். உப்பு சேர்க்கக் கூடாது, சோயா சாஸிலேயே தேவைக்கு மேல் உப்பு இருக்கிறது. கறுத்துக் கெட்டியாக இருக்கும் டார்க் சோயாவைத் தவிர்த்து, நீர்த்த வகையை வாங்குங்கள். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச்சர்க்கரை இந்தக் கலவைக்கு வெள்ளைச் சர்க்கரையை விடப் பொருத்தமானது; வதங்கும்போது அதன் நிறமும் வாசமும் கறியில் அழகாக ஏறுகின்றன. நீலகிரிப் பேரிக்காய் சந்தைக்கு வரும் மாதங்களில் அதையே வாங்கலாம், மற்ற நாட்களில் ஆப்பிள் போதும். பேரிக்காய்க்குப் பதிலாக அன்னாசியையோ பப்பாளிக்காயையோ போடச் சொல்பவர்கள் உண்டு. கறியை இளக்கும் அவற்றின் நொதிகள் மிக வலுவானவை. கால் மணி நேரத்துக்குள் வதக்கிவிடுவதாக இருந்தால் சரி, நாள்கணக்கில் வைத்திருக்கும் கறியில் போட்டால் அது கூழாகிவிடும்.

கறியைக் கலவையில் பிசறி, வேளைக்கு ஒன்றாக இரண்டு பொட்டலங்களாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி, விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்கப்போகும் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பொட்டலத்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், இரவுக்குள் இளகியிருக்கும். வெளியே மேடைமேல் வைத்துவிட்டுப் போகக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது கெட்டுவிடும்.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சாப்பாட்டின் மணம் பாதி அதில்தான் இருக்கிறது. கொரியர்கள் எள்ளை நன்றாக வறுத்த பிறகே ஆட்டுகிறார்கள். நம் செக்கு நல்லெண்ணெயோ வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டப்படுவது. இரண்டும் எள்ளெண்ணெய்தான் என்றாலும் வாசம் ஒன்றல்ல. இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைச் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, பாதியை அம்மியிலோ உரலிலோ நுணுக்கி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கலந்து வைத்துக்கொண்டால், கொரிய வாசத்துக்கு மிக அருகில் வந்துவிடலாம். இதை அடுப்பை அணைத்த பிறகே கறியின்மேல் ஊற்ற வேண்டும்.

இரவு வீட்டுக்கு வந்ததும் முதலில் சோற்றை வைத்துவிடுங்கள். கொரியர்கள் உண்பது ஒட்டும் குட்டையரிசி. நம் வீட்டில் புழுங்கலரிசியைத் தவிர்த்துப் பச்சரிசியைப் போட்டால் ஓரளவு அந்தப் பதம் வரும். சோறு வேகும் நேரத்தில் ஒரு பெரிய வெங்காயத்தையும் ஒரு கேரட்டையும் மெல்லிசாக அரிந்து, வெங்காயத்தாளை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளலாம். ஒரு வெள்ளரிக்காயை வில்லைகளாக்கி உப்பில் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து, காஷ்மீரி மிளகாய்த்தூள், வினிகர், சிறிது சர்க்கரை, எள் சேர்த்துப் பிசறினால் தொட்டுக்கொள்ள அதுவே போதும்.

கறிக்கு இரும்புத் தோசைக்கல்லோ அகலமான வடச்சட்டியோ வேண்டும். முழுத் தீயில் புகை எழும் அளவுக்குக் காய்ந்ததும் கொஞ்சம் கடலெண்ணெய் தடவி, கலவை சொட்டாதபடி வடித்த கறியை ஒரு கை அளவு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் கல் சூடிறங்கி, கறி நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். ஒரு நிமிடம் கிளறாமல் விட்டு, அடிப்பக்கம் பழுப்பேறியதும் புரட்டி, மேலும் அரை நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறையாக வதக்கிய பின், அதே கல்லில் வெங்காயத்தையும் கேரட்டையும் வதக்கி, வடித்து வைத்த கலவையை ஊற்றி நன்றாகக் கொதிக்க விடுங்கள். பச்சைக்கறி ஊறிய நீர் அது என்பதால் கொதிக்காமல் சேர்க்கக் கூடாது. அது பாகுபோல் சுண்டும்போது கறியையும் வெங்காயத்தாளையும் போட்டுப் பிரட்டி இறக்கி, எள்ளெண்ணெயை ஊற்றுங்கள்.

பள்ளிபாளையம் வறுவலின் காரத்துக்குப் பழகிய நாக்குக்கு இது இனிப்பாகத் தோன்றலாம். கொரியர்களின் மாட்டுக்கறிப் புல்கோகியில் மிளகாய் பொதுவாகச் சேர்வதில்லை. காரம் வேண்டுபவர்கள் கொச்சுஜாங் என்னும் புளித்த மிளகாய் விழுதை ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்வதே நல்லது. மிளகாய்த்தூளைக் கறியில் கொட்டினால் சோயாவும் எள்ளும் தரும் மணம் அமுங்கிவிடும். கறியையும் ஒரு பிடிச் சோற்றையும் லெட்டூஸ் இலையில் மடித்து ஒரே வாயாகச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்த இலை கிடைக்காத ஊர்களில் ஆவியில் வாட்டிய முட்டைக்கோஸ் இலையைப் பயன்படுத்தலாம். கொரியர்களும் அப்படிச் சாப்பிடுவதுண்டு.

முன்கூட்டி அரிந்து வைக்க முடியாத வாரங்களில் கொத்துக்கறி வாங்கி வந்து, அன்றே முழுவதும் பழுப்பாகும்வரை வதக்கி, பேரிக்காய்ச் சாறு நீங்கலாக மேற்சொன்ன கலவையையே மூன்றில் இரண்டு பங்கு ஊற்றிச் சுண்ட விட்டால், கால் மணி நேரத்தில் சோற்றின்மேல் போட்டுச் சாப்பிடலாம். அதன்மேல் அரைவேக்காட்டில் பொரித்த ஒரு முட்டையை வைத்தால், வேறு தொடுகறியே வேண்டியதில்லை.