மாதிரி ரயில் பாதை: பலகை முதல் வயரிங் வரை

வீட்டில் மாதிரி ரயில் அமைக்கத் தொடங்குபவர்கள் நிலையக் கட்டடத்துக்கும் மரங்களுக்கும் காட்டும் அக்கறையைப் பலகைக்கு அடியில் ஓடும் கம்பிகளுக்குக் காட்டுவதில்லை. ரயில் தயங்கித் தயங்கி ஓடினால் எஞ்சினைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் உண்மையான காரணம், தண்டவாளத்துக்கு மின்சாரம் சீராக வந்து சேராததுதான். ஆகவே இந்த விளக்கத்தில் வயரிங்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். ஹெச்ஓ (HO) என்பது 1:87 விகிதம், அதாவது உண்மையான ரயிலின் 87-இல் ஒரு பங்கு. அதில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘N’ என்னும் அளவு 1:160, இடைவெளி 9 மி.மீ. இடம் குறைவாக இருந்தால் ‘N’ அளவு பொருந்தும் என்றாலும், சோல்டரிங் (ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பற்றவைப்பது) பழகாத கைகளுக்கு ஹெச்ஓ எளிது என்பது என் கருத்து.

அடுத்தது பலகை. 12 மி.மீ. பிளைவுட்டின் அடியில் மரச்சட்டங்களை அடித்து, அது தொய்யாதபடி செய்யுங்கள். கை எட்டாத மூலையில் தடம் புரண்ட பெட்டியை எடுப்பது பெரும் தொல்லை என்பதால், எந்தப் பகுதியும் விளிம்பிலிருந்து 75 செ.மீ.க்கு மேல் தள்ளி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தை முதலில் ஆணியடிக்காமல் வைத்து, ஒரு பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். இணைப்புகளில் தட்டாமல் ஓடினால் மட்டும், அடியில் கார்க் பட்டையை ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்தைச் சிறு ஆணிகளால் பொருத்துங்கள். ஆணியை ஆழமாக அடித்தால் ஸ்லீப்பர் (தண்டவாளங்களின் அடியிலுள்ள பிளாஸ்டிக் குறுக்குக் கட்டை) வளைந்து, இரு தண்டவாளங்களும் நெருங்கிவிடும்.

இனி வயரிங். சாதாரண 12 வோல்ட் நேர்மின்சார (டிசி) அமைப்பில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினர்கள் தொடக்கத்தில் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். சில மாதங்களில் அவை தளர்ந்து, ஆக்சைடு படிந்து, மின்தடை கூடும். அப்போது கண்ட்ரோலருக்கு (மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அருகில் வேகமாக ஓடும் ரயில் பாதையின் மறுகோடியில் தவழத் தொடங்கும். என் முதல் பாதையில் ஜாயினர்களை மட்டுமே நம்பியிருந்ததால், பின்னர் பாதி தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது.

இதைத் தவிர்க்க, பாதையின் கீழேயே 1.5 சதுர மி.மீ. குறுக்குவெட்டுப் பரப்புள்ள சிவப்பு, கறுப்பு கம்பிகள் இரண்டைப் பிரதான கம்பிகளாக இழுத்துக் கண்ட்ரோலருடன் இணையுங்கள். பின்பு ஏறத்தாழ ஒவ்வொரு மீட்டருக்கும் ஓரிடத்தில், தண்டவாளத்தை ஒட்டிச் சிறு துளையிட்டு, பிரதான கம்பிகளிலிருந்து 0.5 சதுர மி.மீ. கிளைக் கம்பிகளை மேலே கொண்டுவாருங்கள். வெளிப்பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உட்பக்கத்துக்குக் கறுப்பு என்று முடிவு செய்துவிட்டால், சுற்று முழுவதும் அதை மாற்றக் கூடாது.

சோல்டரிங்கில் அவசரம் வேண்டாம், ஆனால் சூட்டை நீட்டிக்கவும் கூடாது. தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, அதிலும் கம்பி நுனியிலும் தனித்தனியாக ஈயம் பூசியபின், இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் சூடுகாட்டினால் போதும். உட்பக்கத்தில் ஈயம் திரண்டால் சக்கர விளிம்பு அதில் ஏறித் தடம் புரளும். பக்கத்து ஸ்லீப்பர்கள் உருகாமலிருக்க அவற்றின்மேல் ஈரப் பஞ்சு வைப்பது நல்லது.

ஒவ்வொரு ஜோடிக் கம்பியை இணைத்ததும், மின்சாரம் கொடுக்காமல், எஞ்சினையும் எடுத்துவிட்டு, மல்ட்டிமீட்டரை (மின்சாரத்தை அளக்கும் கருவி) மின்தொடர்பு இருந்தால் பீப் ஒலி தரும் நிலையில் வைத்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையே சோதியுங்கள். பீப் ஒலி கேட்டால் ஷார்ட் சர்க்யூட். கடைசியாக இணைத்த ஜோடியை முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் முடித்தபின் சோதித்தால், தவறு எந்த ஜோடியில் என்று தேடியே பொழுது போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: பாதை வளைந்து திரும்பித் தன்னுடனேயே எதிர்த்திசையில் சேர்ந்தால், நேர்முனை எதிர்முனையைத் தொட்டுவிடும். அதற்கு மின்சாரம் கடத்தாத காப்பு ஜாயினர்களும் தனிச் சுவிட்சும் தேவை. முதல் பாதைக்கு எளிய நீள்வட்டமே போதும்.

கடைசியாக, எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு திசைகளிலும் முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்கும் தயங்காமல் வந்த பிறகே ஜல்லியைத் தூவிப் பசை ஊற்றலாம்.