பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்கு: பிள்ளைகளின் படிப்பிலும் வீட்டுச் செலவிலும் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் லண்டன் ஹாரோவிலிருந்து தோழி ஒருத்தி போன் செய்தாள். அவள் கணவருக்கு டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸில் வேலை கிடைத்திருக்கிறது. டாலரைப் பவுண்டாக மாற்றிப் பார்த்தால், இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். "ஆகஸ்ட்ல கிளம்பிடலாம்னு இருக்கோம்" என்றாள். பெரியவன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்று கேட்டேன். "இயர் டென் முடிக்கப்போறான்" என்றாள். எனக்குப் பகீரென்றது.

2021இல் நாங்களும் இதே லண்டனிலிருந்துதான் நியூ ஜெர்சிக்கு வந்தோம். அதற்குப் பிறகு இங்கே வந்து இறங்கிய பிரிட்டிஷ் குடும்பங்கள் பலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தமிழர்கள், பஞ்சாபிகள், மான்செஸ்டர் வெள்ளைக்காரர்கள் என்று எல்லோரும் சறுக்கியது ஒரே இடத்தில்தான். சம்பளத்தைப் பார்த்துக் கிளம்பும் தேதியை முடிவு செய்கிறார்கள். பிள்ளையின் வயதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய தேதி அது.

தோழியின் மகனையே எடுத்துக்கொள்வோம். ஜி.சி.எஸ்.இ. என்பது பிரிட்டனில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் பள்ளித் தேர்வு. அதற்கான படிப்பு இயர் 10, இயர் 11 என்று இரண்டு வருடம். பாதியில் எழுந்து வந்தால் கையில் ஒரு சான்றிதழும் இருக்காது. ஆகஸ்டில் இயர் 11 போக வேண்டியவன், அமெரிக்கக் கணக்கில் பத்தாம் கிரேடு. பிரிட்டிஷ் இயரில் ஒன்றைக் கழித்தால் இங்கத்திய கிரேடு வந்துவிடும். இங்கே உயர்நிலைப் பள்ளியில், முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் கிரெடிட் என்ற புள்ளி ஒன்பதாம் கிரேடிலிருந்தே சேர்ந்துகொண்டு வருகிறது. இயர் 10இல் படித்த பாடங்களுக்கு எவ்வளவு கிரெடிட் தருவார்கள் என்பது கவுன்சிலர் எனப்படும் பள்ளிப் படிப்பு ஆலோசகர் கையில் இருக்கிறது. எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன மதிப்பெண் என்று பழைய பள்ளியிடம் எழுதி வாங்கி வராவிட்டால், படித்ததையே திரும்பப் படிக்க வேண்டி வரலாம். ஒரு வருடம் பொறுத்து, ஜூனில் ஜி.சி.எஸ்.இ. முடித்துவிட்டுப் பதினோராம் கிரேடில் சேர்வது எவ்வளவோ மேல். அதுவும் சுலபம் இல்லை, அடுத்த வருட ஆரம்பத்திலேயே கல்லூரி விண்ணப்பம் வந்துவிடும். ஆனால் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஜி.சி.எஸ்.இ. கையில் இருப்பது, பின்னால் பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது பெரிய தெம்பு.

"காலேஜுக்கு அவனைத் திருப்பி லண்டனுக்கே அனுப்பிடுவோம், நாங்கதான் பிரிட்டிஷ் சிட்டிசன் ஆச்சே" என்பது அவள் எண்ணம். இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைப்பது. உள்நாட்டுக் கட்டணம் கேட்க பாஸ்போர்ட் மட்டும் போதாது. படிப்பு தொடங்குவதற்கு முந்தைய முழு மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2025-26க்கு உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் என்று வகைப்படுத்திவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் 25 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு கல்விக் கடனும் கிடைக்காமல் போகலாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ வேலை நிமித்தம் தற்காலிகமாகத்தான் வெளிநாடு போனார்கள் என்று காட்ட முடிந்தால், அந்தக் காலத்தை விலக்காகக் கருதுவதுண்டு. முடிவு பல்கலைக்கழகத்துடையது, ஆதாரம் நாம் தர வேண்டும். இத்தனை வருட ஒப்பந்தம் என்று தேதி போட்ட கம்பெனி கடிதம், விற்காமல் வைத்திருக்கும் வீடு, வருடா வருடம் போய் வந்த டிக்கெட் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆறு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

சரி, இங்கேயே கல்லூரியில் சேர்த்தால்? 2024-25இல் அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரிக் கல்விக் கட்டணம் அந்த மாநிலத்தவருக்கு 11,610 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 30,780 டாலர். தனியாரில் 43,350. இதில் விடுதியும் சாப்பாடும் சேரவில்லை. விசாவில் இருக்கும் பிள்ளையை எதில் சேர்ப்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் ஒரு வருடமாவது அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு இல்லாமல் மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது, நம்மவர்கள் பலர் நினைத்தே பார்க்காதது. வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்கும்போது அமெரிக்கா பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் திருச்சியில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். அந்த வரிசை பத்து வருடத்துக்கு மேல் நீளும். லண்டனில் பிறந்தவருக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. கணவன் மனைவியில் ஒருவர் இந்தியாவுக்கு வெளியே பிறந்திருந்தால் அவருடைய நாட்டின் கணக்கில் இருவரும் விண்ணப்பிக்கலாம். பிள்ளை பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் அப்படிச் செய்ய முடியாது. இருபத்தொரு வயதானதும் பிள்ளையின் சார்பு விசா முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் வந்த பிள்ளை கல்லூரி நடுவில் சொந்தமாக மாணவர் விசா தேட வேண்டியிருக்கும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்னே, கிரீன் கார்டுக்கு எப்போது விண்ணப்பிப்பீர்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வாழ்க்கைத் துணை வேலை செய்யலாமா என்பதும் விசா வகையைப் பொறுத்தது. கம்பெனியே இடம் மாற்றி அனுப்புபவரின் துணைக்குத் தரும் எல்-2இல் செய்யலாம், எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4இல் எல்லோருக்கும் அனுமதி இல்லை. இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம் ஒன்றில் நின்றுவிட்டால் அந்த ஒன்றரை மடங்கு காணாமல் போய்விடும்.

வீடு பிடிக்கும்போது

பிரிட்டனில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பணம் கட்டிப் படிக்கும் பெரிய இடம். இங்கே அது இலவச அரசுப் பள்ளி, நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பள்ளியின் தரத்தையும் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டா என்பதையும் தீர்மானிப்பது வீட்டு முகவரிதான். தபால் முகவரியில் இருக்கும் ஊரும் பள்ளி மாவட்டமும், அதாவது அந்தப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதியும், ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டல்லாஸ் பக்கம் வேலி ரான்ச் பகுதிக்கு முகவரி இர்விங். அங்குள்ள பல வீடுகள் சேர்வது காப்பெல் பள்ளி மாவட்டத்தில். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று என்பதெல்லாம் இங்கே சாதாரணம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கதவு எண்ணோடு மாவட்ட அலுவலகத்துக்கே போன் போட்டு எந்தப் பள்ளி என்று கேட்டுவிடுங்கள். வீட்டு ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் போனவர்கள் ஒரே வருடத்தில் வீடு மாறியிருக்கிறார்கள்.

வீடு வாங்குபவர்கள் இங்கத்திய ப்ராப்பர்ட்டி டேக்ஸை, அதாவது சொத்து வரியை, பிரிட்டனில் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் டேக்ஸ் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2025-26இல் பேண்ட் டி என்ற நடுத்தர மதிப்புப் பிரிவு வீட்டுக்குச் சராசரி கவுன்சில் டேக்ஸ் 2,280 பவுண்டு. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்படுவோம், ஆனால் டல்லாஸ் புறநகரில் சொத்து வரி வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டி வரும். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 10 ஆயிரம். நியூ ஜெர்சியில் சராசரியே 10 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு பள்ளிகளுக்குத்தான் போகிறது. முதல் வருடமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள்.

நாலு வயதுக் குழந்தை இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். பிரிட்டனில் ரிசப்ஷன் என்ற பள்ளியின் முதல் வகுப்பில் இலவசமாக இருந்த குழந்தைக்கு இங்கே பல ஊர்களில் பள்ளி கிடையாது. கிண்டர்கார்டன் ஐந்து வயதில்தான். டெக்சாஸில் செப்டம்பர் 1க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும், நியூயார்க் நகரில் டிசம்பர் 31க்குள். அதுவரை மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துத் தனியாரில் விட வேண்டியிருக்கும். கோடை விடுமுறையும் அங்கே ஆறு வாரம், இங்கே பத்து வாரத்தைத் தாண்டும். டெக்சாஸில் மே கடைசியில் மூடினால் ஆகஸ்ட் நடுவில்தான் திறப்பார்கள். சம்மர் கேம்ப் வாரத்துக்கு 300, 400 டாலர், ஒரு பிள்ளைக்கு. பிரிட்டனில் சட்டப்படி 5.6 வாரச் சம்பள விடுப்பு உண்டு. இங்கே அப்படி மத்திய சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி கொடுப்பதுதான்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு பிரிட்டனில் வாங்கிய இ.எச்.சி. பிளான், அதாவது அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தர வேண்டும் என்று சொல்லும் ஆவணம், இங்கே செல்லாது. ஆனால் கைவிட்டுவிட மாட்டார்கள். ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் மத்திய சட்டப்படி அப்படிப்பட்ட பிள்ளையின் உரிமை. பழைய அறிக்கைகளை இணைத்து, மதிப்பீடு வேண்டும் என்று சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் நாள் ஓடிவிடும்.

சிவப்புப் புத்தகம்

நாங்கள் வந்த ஜூலையில் மகளைச் சேர்க்கப் போனோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தந்த, தடுப்பூசி விவரமெல்லாம் எழுதிய அவளுடைய சிவப்புப் புத்தகத்தைப் பள்ளி நர்ஸ் முன்னால் பெருமையோடு வைத்தேன். எல்லா ஊசியும் நாள் தவறாமல் போட்டவை. நர்ஸ் பென்சிலால் ஒவ்வொரு தேதியையும் தொட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பள்ளி சேரும் முன் போடும் பிரீ-ஸ்கூல் பூஸ்டர் ஊசி, மூன்று வயது நான்கு மாதம். பிரிட்டனில் அதுதான் சரியான வயது. இங்கே நான்காவது பிறந்தநாளுக்குப் பிறகு ஒன்று போட்டிருக்க வேண்டும். அப்புறம் சிக்கன்பாக்ஸ் தடுப்பூசி எங்கே என்றார். பிரிட்டனில் அதை வழக்கமான அட்டவணையில் சேர்த்ததே 2026 ஜனவரியில்தான். மகளுக்கும் மகனுக்கும் இன்னொரு குறை. 2017 ஆகஸ்டுக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே ஹெபடைடிஸ் பி வழக்கமாகப் போடவில்லை, இருவருக்கும் மூன்று டோஸும் இங்கேதான் போட்டோம். குழந்தை மருத்துவரிடம் நாள் கிடைப்பதற்குள் செப்டம்பர் நெருங்கிவிட்டது. விமானம் ஏறும் முன்பே போகும் மாநிலத்தின் பள்ளித் தடுப்பூசிப் பட்டியலை எடுத்து வைத்து, இருப்பதையும் இல்லாததையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் எல்லோரும் மாதப் பிரீமியத்தை மட்டும் கேட்கிறார்கள். அதற்கு மேல் டிடக்டிபிள் இருக்கிறது, அதாவது காப்பீடு கை கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை. நாம் ஒரு வருடத்தில் கட்டக்கூடிய உச்சவரம்பு ஒன்றும் உண்டு. 2025இல் சட்டம் அனுமதித்த உச்சம் குடும்பத்துக்கு 18,400 டாலர். கம்பெனி வழிக் குடும்பக் காப்பீட்டுக்கு 2024இல் ஊழியர் தன் கையிலிருந்து கொடுத்த பிரீமியமே சராசரியாக ஆண்டுக்கு 6,300 டாலர். இந்த மூன்று எண்களையும் சம்பளத்தோடு சேர்த்துக் கேளுங்கள். வேலையில் சேர்ந்தபின் காப்பீட்டில் பதிய அனேகமாக 30 நாள்தான் தருவார்கள். தவறவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் மகன் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். லண்டன் பழக்கத்தில் நேரே எமர்ஜென்சிக்கு ஓடினோம். சிகிச்சையில் குறை ஒன்றும் இல்லை. பிப்ரவரி மாதம், டிடக்டிபிளில் ஒரு டாலரும் கழிந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு பில், டாக்டருக்கு ஒரு பில், எக்ஸ்ரே படித்தவருக்கு ஒரு பில் என்று ஏப்ரல் வரை வந்துகொண்டே இருந்தன. மொத்தம் 2,300 டாலர். நாலு தெரு தள்ளி இருந்த அர்ஜென்ட் கேரிலும், அதாவது உயிருக்கு ஆபத்தில்லாத அவசரங்களைப் பார்க்கும் கிளினிக்கிலும், எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். மற்றதற்கு, உங்கள் காப்பீட்டு நெட்வொர்க்கில் உள்ள அர்ஜென்ட் கேர் எது என்று வந்த வாரமே பார்த்து எழுதி வையுங்கள்.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஐசா என்ற சேமிப்புக் கணக்குக்கு வரி இல்லை, வட்டிக்குப் பதில் குலுக்கல் பரிசு தரும் அரசுச் சேமிப்பான பிரீமியம் பாண்டின் பரிசுக்கும் வரி இல்லை. அமெரிக்காவுக்கு இரண்டும் வரிக்குரிய வருமானம். ஐசாவுக்குள் இருக்கும் ஃபண்டுகளுக்குத் தனிப் படிவம், கடுமையான வரி விதி, அதை நிரப்பித்தரும் கணக்காளருக்குக் கட்டணம் வேறு. பிள்ளை பெயரில் உள்ள ஜூனியர் ஐசாவும் இதில் மாட்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10 ஆயிரம் டாலரைத் தாண்டினால் தெரிவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் உண்டு. விற்க வேண்டிய ஃபண்டுகளை அமெரிக்க வரிக் கணக்குக்குள் வருவதற்கு முன்பே விற்றுவிட்டால் பாதித் தலைவலி தீரும். இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்தக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மற்றவை சின்னச் சின்னவை. பிரிட்டனில் இருபது வருடம் ஒழுங்காகக் கடன் கட்டிய வரலாறு பொதுவாக இங்கே எண்ணிக்கையில் வராது, கிரெடிட் ஸ்கோர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கார் இன்சூரன்ஸ் எகிறும். இத்தனை வருடம் இழப்பீடு கேட்கவில்லை என்று பழைய இன்சூரன்ஸ் கம்பெனி தரும் நோ கிளெய்ம்ஸ் கடிதம் வாங்கி வாருங்கள், சில கம்பெனிகள் ஏற்கும். டல்லாஸில் இருவர் வேலைக்குப் போனால் இரண்டு கார் வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது, டெக்சாஸில் 8.25 சதவீதம் வரை போகும். இங்கத்திய மின்சாரத்துக்கு ஒத்துவராத 230 வோல்ட் கெட்டிலையும் மிக்ஸியையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

தோழியின் கணவர் மட்டும் ஆகஸ்டில் கிளம்புகிறார். அவளும் பிள்ளைகளும் அடுத்த ஜூலையில், பெரியவனின் பரீட்சை முடிந்த பிறகு. பதினோரு மாதம் தனியாகச் சமாளிப்பது லேசில்லை, போனில் அழுதேவிட்டாள். நேற்று சின்னவளின் சிவப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பூஸ்டர், மூன்று வயது நான்கு மாதம். டெக்சாஸ் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணினேன்: நான்கு வயதுக்குப் பின் பூஸ்டர் ஒன்று, சிக்கன்பாக்ஸ் இரண்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டு. எழுதி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், போகிறாள்.