கார் ஷெட்டுக்கு எந்தத் தரை: குமரி மேற்கின் மழைக்குத் தாங்குவது எது

களியக்காவிளை, குழித்துறை, அருமனை, அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் வீட்டு வேலை எடுத்துச் செய்கிறவன் நான். ஹாலுக்கு டைல் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பி வருகிறவர்கள், கார் ஷெட் என்றதும் "மிச்சம் இருக்கதை அங்க ஒட்டிருங்க அண்ணா" என்று முடித்துவிடுவார்கள். வீட்டில் அதிகப் பாரம் தாங்க வேண்டிய தரை அதுதான். 1,200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோ. அது முழுவதும் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் இறங்குகிறது. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் தரையைப் போட்டு அரைக்கும்.

மேலே எதைப் போடுவது என்று கேட்கும் முன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. செம்மண் நிரப்பிய தரைக்கடியில் ஈரம் வருஷத்தில் பாதி நாள் உட்கார்ந்திருக்கும். அந்த ஈரம் காங்கிரீட் வழியாக மேலே ஏறி உப்பாகப் பூக்கும், பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒன்றரை அடி சதுரத்துக்குக் கனமான பாலித்தீன் தாளை வெறும் காங்கிரீட் மேல் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, காங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை மழைக்காலத்தில்தான் செய்ய வேண்டும். பங்குனியில் செய்தால் எல்லாத் தரையும் காய்ந்த தரைதான்.

ஈரம் ஏறுகிற தரைக்கு எபாக்சி, அதாவது காங்கிரீட் மேல் பூசும் பிசின் பூச்சு, வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. கண்ணாடி மாதிரிப் பளபளப்பதைப் போனில் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். எண்ணெய் சிந்தினால் துடைத்தால் போதும், தூசி கிளம்பாது. ஆனால் தரை காய்ந்திருக்க வேண்டும், புதுக் காங்கிரீட் என்றால் 28 நாளாவது கழிந்திருக்க வேண்டும், மேல்பரப்பை மெஷின் வைத்து அரைத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அரைக்காமல் பெயின்ட் அடிப்பது போல ரோலரில் உருட்டிவிட்டுப் போனால், வெயிலில் ஓடிச் சூடாக வந்து நிற்கும் டயரோடு ஒட்டிக்கொண்டு தோல் உரிந்து வரும். வெயில் நேராகப் படுகிற இடத்தில் மஞ்சளிக்கவும் செய்யும். நாலு பக்கமும் சுவர், ஷட்டர், மேலே வார்ப்பு என்று அடைத்த ஷெட்டுக்குத்தான் நான் எபாக்சி சொல்வேன். நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது இரண்டு பக்கம் திறந்த போர்ட்டிகோ. சாரல் உள்ளே அடிக்கும். அங்கே அது வழுக்கும்.

டைல் போடுவதென்றால் பார்க்கிங் டைல் என்றே கேட்டு வாங்குங்கள். கனமாக, மேலே கோடு அல்லது புள்ளி வைத்துச் சொரசொரப்பாக வரும். கடையிலேயே ஒரு டைலைத் திருப்பிப் போட்டு முதுகில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மளமளவென்று உறிஞ்சினால் அது சுவருக்கு உரியது. விட்ரிஃபைட் டைல், அதாவது கண்ணாடி போல இறுகச் சுட்டது, தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. ஆனால் எவ்வளவு நல்ல டைலும் கொத்தனார் கையில்தான் பிழைக்கிறது. நடுவில் ஒரு உருண்டை, நாலு மூலையில் நாலு உருண்டை சாந்து வைத்து அமுக்கிவிட்டுப் போகிற வேலை இங்கே நிறைய நடக்கிறது. இடையில் பொள்ளல் விழுந்து, முதல் மாதமே சக்கரம் ஏறிய இடத்தில் விரிசல் ஓடும். பல் கரண்டியால் முதுகு முழுக்கப் பசை படரும்படி ஒட்டச் சொல்லுங்கள். வேலை காய்ந்த பிறகு ஒரு நாணயத்தை வைத்து ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். டொக்கென்று வெறுமையாகச் சத்தம் வந்தால் அதைப் பெயர்த்து மாற்றிய பிறகே கூலி கொடுங்கள்.

கல் விஷயத்தில் ரப்பர் தோட்டக்காரர்கள் கொஞ்சம் நின்று கேளுங்கள். கடப்பா, தாண்டூர், கோட்டா எல்லாம் சுண்ணாம்புக் கல் வகை. பாரம் தாங்கும், விலையும் சகாயம். ஆனால் ஆசிட் ஆகாது. குலசேகரம் பக்கத்துப் பல வீடுகளில் கார் நிற்கும் இடத்திலேயே ஷீட் அடிக்கும் ரோலரும் இருக்கும், மேலே கொடியில் ரப்பர் ஷீட் தொங்கும். ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட் கலந்த தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கல் மங்கிப் பொரிந்துவிடும். கடையில் மாதிரித் துண்டு வாங்கி, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். தடம் விழுந்தால் அது சுண்ணாம்புக் கல். ஆசிட் புழங்கும் வீட்டுக்குக் கிரானைட் நல்லது. பாலிஷ் போட்டது வேண்டாம், நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கியதை எடுங்கள். வெறும் சிமென்ட் தரையையும் ஆசிட் மெல்ல அரிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் உள்ள திறந்த வழிக்கு இன்டர்லாக் கட்டை போதும். வீட்டுக் காருக்கு 60 மி.மீ. கனம், லாரி ஏறும் என்றால் 80. ஓரத்தில் காங்கிரீட் கரை கட்டாவிட்டால் கட்டைகள் விலகிப் பிரியும். நிழலில் பாசி பிடிக்கும், அதைத் தேய்க்க ஆள் வேண்டும். ரப்பர் மேட், பிளாஸ்டிக் மேட் எல்லாம் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நம் மழைக்கு ஒத்துவராது.

என்னைக் கேட்டால், பெரும்பாலான வீட்டுக்கு வெறும் காங்கிரீட்டே சிறந்தது. மண்ணை அரையடி அரையடியாக நிரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, பாலித்தீன் தாள் விரித்து, நாலு அங்குலத்துக்கு எம் 20 என்ற தரத்தில் காங்கிரீட். மேலே துடைப்பத்தால் குறுக்கே இழுத்த கோடு. எட்டுப் பத்தடிக்கு ஒரு வெட்டு போட்டால் விரிசல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், வாசலை நோக்கி, அங்கே கம்பி மூடி போட்ட ஓடை. ஒரு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள், 28 நாள் வரை காரைத் தெருவில் விடுங்கள். ஸ்கூட்டர் சைடு ஸ்டாண்ட் ஊன்றும் இடத்தில் ஒரு கிரானைட் துண்டைப் பதிக்கச் சொல்லுங்கள். சமையல் மேடைக்கு வெட்டியதில் மீந்ததே போதும்.