ஜப்பான் சாக்ஸபோனைக் காதால் கற்பது எப்படி

கோலாலம்பூரில் சாக்ஸபோன் பழகும் பலர் கையில் இருப்பது யமஹா அல்லது யானகிசாவா. கருவி ஜப்பான் கம்பெனியுடையது. கேட்பது மட்டும் கத்ரி கோபால்நாத்தோடும் அமெரிக்க ஜாஸோடும் நின்றுவிடுகிறது. ஜப்பானியக் கலைஞர்களைச் சரியான வரிசையில் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு தனிப் பாடம் கிடைக்கும். வரிசை மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் வதனாபே சதாவோ. 1933-இல் உட்சுனோமியாவில் பிறந்தவர், ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர். 1962-இல் பாஸ்டனிலுள்ள பெர்க்லி இசைப் பள்ளிக்குப் படிக்கப் போனார். 1978-இல் வந்த இவருடைய 'கலிபோர்னியா ஷவர்' ஆல்பத்தில் தொடங்குங்கள். மெட்டு பாடக்கூடியது, நாதம் தெளிவு.

எட்டு விநாடித் துண்டு ஒன்றை எடுத்து, வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள். மெட்டு எங்கே வந்து ஓய்கிறதோ அதை ச என்று வைத்து வாயால் பாடுங்கள். ஸ்வரம் சொல்லிப் பாட வந்த பிறகே கருவியைத் தொடுங்கள். பாட வராத இடம் விரலுக்கும் வராது. ஆல்டோவில் சி பிடித்தால் ஒலிப்பது இரண்டரைக் கட்டை. அதைவிடப் பெரிய டெனாரில் ஆறரைக் கட்டை. ஆகவே பாட்டின் ச ஐந்து கட்டையில் இருந்தால் ஆல்டோவில் ஈ, டெனாரில் ஏ பிடிக்க வேண்டும். ச எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்ற ஸ்வரங்களை நம் சரிகம பார்த்துக்கொள்ளும். மேற்கத்திய முறையில் மட்டும் படித்தவர்களுக்கு இல்லாத வசதி இது.

நாக்கால் ஸ்வரத்தை வெட்டிப் பழக, டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு. டெனாரில் காமோ, பாரிடோனில் யானகா அட்சுஷி வாசித்ததைக் கேளுங்கள். மெட்ரோனோமை 120-இல் வைத்து, 'தக திமி' என்று மனதில் சொல்லி, 'க', 'மி' இரண்டை மட்டும் ஊதுங்கள். ஸ்வரம் பிந்தி விழுந்தால், நாக்கோடு சேர்த்து மூச்சையும் நிறுத்துகிறீர்கள் என்று பொருள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்கு ரீட் நுனியைத் தொட்டு விடுவதே போதும்.

டி-ஸ்குவேர் என்ற குழுவின் 'ட்ரூத்' 1987-இல் வந்தது, ஜப்பான் தொலைக்காட்சியில் எஃப்1 பந்தயத்துக்கு ஒலித்த பாட்டு. அதில் இடோ தகேஷி மெட்டை வாசிப்பது ஈவி என்ற மின்னணு ஊதுகருவியில். அந்த நாதம் சாக்ஸில் வரவில்லையே என்று மவுத்பீஸை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கமகம் பழகியவர்களுக்கு நெருக்கமானவர் நோடா ரியோ. தனி ஆல்டோவுக்கு எழுதிய 'மாய்' போன்ற படைப்புகளில் ஷாகுஹாச்சி மூங்கில் குழலின் நெளிவுகளைக் கொண்டுவந்தவர். பயிற்சி இது: ஆல்டோவில் மேல் ஸ்தாயி பி பிடியுங்கள், ட்யூனர் டி காட்டும். விரலை அசைக்காமல் தாடையைத் தளர்த்தி சி ஷார்ப் வரை இறக்கி, அதே மூச்சில் டி-க்குத் திரும்புங்கள். நாளுக்குப் பத்து முறை. கீழ் ஸ்தாயியில் இதைத் தேடாதீர்கள், அங்கே ஸ்வரம் அவ்வளவு வளையாது. திரும்பும்போது டி-யைத் தாண்டிப் போனால் பல் அழுத்தம் அதிகம். ஏர்கான் அறையில் குளிர்ந்த கருவி சுருதி இறங்கியே இருக்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு ட்யூனரைப் பாருங்கள்.

கிளாசிக்கலுக்கு சுகாவா நோபுயா. யோஷிமட்சு தகாஷியின் 'சைபர் பேர்ட்' கான்செர்ட்டோ இவருக்காகவே எழுதப்பட்டது. உச்ச ஸ்வரங்களிலும் நாதம் மெலியாததைக் கவனியுங்கள். இப்போதைக்கு அது போதும்.

அபே காவோரு (1949–1978), சகாதா அகிரா இருவரும் ஃப்ரீ ஜாஸ், கட்டுப்பாடின்றிக் கருவியைக் கத்தவிடும் வாசிப்பு. கேளுங்கள், உடனே பின்பற்றாதீர்கள். ஒரே ஸ்வரத்தை இருபது விநாடி ஆடாமல் பிடிக்க வராதவர் அந்தக் கத்தலை முயன்றால் கீழுதடுதான் புண்ணாகும்.

நீண்ட நேரம் செலவிட வேண்டியவர் ஷிமிசு யாசுஆகி. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், செல்லோவுக்கு எழுதிய தொகுப்புகளை டெனாரில் வாசித்தவர். ஒலிப்பதிவுக்கு எதிரொலி நிறைந்த ஓயா கல் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். ஓயா இருப்பதும் வதனாபேயின் உட்சுனோமியாவில்தான். நமக்குக் கல் சுரங்கம் இல்லை, கொண்டோ அடுக்குமாடியின் கீழ்த்தள கார் பார்க் உண்டு. காவலாளியிடம் முன்பே சொல்லிவிட்டு, மாலை 6 மணிக்கு முன் போங்கள். ஒரு ஸ்வரத்தை ஊதிச் சட்டென்று நிறுத்தி, எதிரொலி அடங்கும்வரை எண்ணுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் வேகமாக வாசித்துப் பயனில்லை, ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகும்.

பாக்கின் முதல் தொகுப்பின் தொடக்கத்தில் நான்கு பார் (நான்கு தாளச் சுற்று) மட்டும் எடுங்கள். செல்லோ தொடங்கும் ஜி, டெனாரின் அடி ஸ்வரத்துக்கும் அரை ஸ்வரம் கீழே. ஆகவே மூலச் சுருதியை விட்டுவிட்டு, நடு ஜி பிடித்துத் தொடங்குங்கள். தனியாக வாசிப்பதால் யாரோடும் மோதாது. மெட்ரோனோம் 60-இல் ஒரு பார் நான்கு விநாடி. இரண்டு பாருக்கு ஒருமுறை மூச்சு, அதையும் அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தை ஊதி முடித்த பிறகே எடுங்கள். பாட்டு அந்த ஸ்வரத்தில்தான் வந்து இறங்குகிறது. பார் கோட்டிலேயே மூச்சை வாங்கினால் வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் கேட்கும்.

கீழ்த்தளத்தில் காற்று ஈரம். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடையுங்கள். ஜி ஷார்ப் சாவியின் பேட் அடியில் மெல்லிய தாளை வைத்து லேசாக அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் அது ஒட்டிக்கொண்டு திறக்காது. ரீட்டை மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். நான்கு ரீட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.