போடும் முன் யோசிக்க: எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் சமூக ஊடகத்தில் செய்யும் தவறுகள்

எழுதுபவர்களுக்குச் சமூக ஊடகம் பற்றிக் கிடைக்கும் அறிவுரையெல்லாம் பெரும்பாலும் 'தினமும் போடுங்கள், இந்த நேரத்தில் போடுங்கள்' என்ற ரகம்தான். பொருள் விற்பவர்களுக்கு அது உதவலாம். கதை, கவிதை எழுதுபவரும் ஆய்வுக்கட்டுரை எழுதுபவரும் சறுக்குவது வேறோர் இடத்தில். எதை முதலில் எங்கே வெளியிடுவது என்ற வரிசையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போட்ட பதிவை நீக்கிவிடலாம். போடவே இல்லை என்று சொல்ல முடியாது.

முதலில் படைப்பாளிகள். ஒரு கவிதை எழுதி முடித்த சூட்டோடு முழுதாக முகநூலில் போட்டுவிடுகிறோம். மறுநாள் அதையே ஓர் இதழுக்கோ போட்டிக்கோ அனுப்பத் தோன்றுகிறது. விதிமுறையில் 'இதுவரை எங்கும் வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும்' என்று இருக்கும். பல இதழ்கள் சமூக ஊடகப் பதிவையும் இந்தக் கணக்கில் சேர்க்கின்றன. எட்டுப் பேர் லைக் போட்ட கவிதையும் அவர்கள் பார்வையில் வெளிவந்த கவிதைதான். சில இதழ்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை, சில 'நீக்கிவிட்டு அனுப்புங்கள்' என்கின்றன, இன்னும் சில மூடிய குழுவில் பகிர்ந்ததைக்கூட ஏற்பதில்லை. ஊகிக்க வேண்டாம். விதியைப் படியுங்கள், தெளிவாக இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அதுவரை முழுப் படைப்பையும் போடாமல் இரண்டு வரியோ ஒரு பத்தியோ போடலாம். எழுதியவர் பெயரை மறைத்து நடுவர்களுக்கு அனுப்பும் போட்டி என்றால் அந்த இரண்டு வரியும் வேண்டாம். நடுவரும் உங்கள் நட்பு வட்டத்தில் இருக்கக்கூடும். படைப்பு இதழில் வந்தபிறகு, அவர்கள் சொல்லும் இடைவெளி விட்டு, 'முதலில் வெளிவந்தது இன்ன இதழில்' என்ற குறிப்போடு தாராளமாகப் பகிரலாம்.

இதற்கு நேரெதிரான பயம் ஒன்றும் உலவுகிறது: 'நாம் எழுதுவதெல்லாம் முகநூலுக்குச் சொந்தமாகிவிடும்.' ஆகாது. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதைக் காட்டவும் பரப்பவும் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் ஓர் இலவச அனுமதி தருகிறீர்கள், அவ்வளவுதான். கணக்குத் தொடங்கும்போதே அதற்கு ஒப்புக்கொண்டாயிற்று. ஆகவே 'என் பதிவுகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை' என்று சுற்றிவரும் அறிவிப்பை எத்தனை முறை நகலெடுத்துப் போட்டாலும் சட்டப்படி ஒன்றும் ஆகப்போவதில்லை. உண்மையான ஆபத்து தளமே காணாமல் போவது. இணையப் பக்கங்களை இலவசமாக வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019இல். அதே 2019இல், 2016க்கு முன் ஏற்றிய பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தில் அழிந்திருக்கலாம் என்று மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத் தளம் சொன்னது. நேரடியாகப் பதிவுப் பெட்டியிலேயே கதை எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். சொந்தக் கோப்பில் எழுதுங்கள், அப்புறம் எடுத்து ஒட்டுங்கள்.

ஆய்வாளர்களின் சிக்கல் வேறு மாதிரி. சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைப்பது பல துறைகளில் தவறே அல்ல. இயற்பியலாளர்கள் 1991 முதல் 'ஆர்க்கைவ்' (arXiv) என்ற தளத்தில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மருத்துவத்தின் வரலாறு வேறு. ஏற்கெனவே வேறு இடத்தில் வெளிவந்த ஆய்வை ஏற்க மாட்டோம் என்ற விதியை 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆசிரியர் ஃப்ரான்ஸ் இங்கெல்ஃபிங்கர் கொண்டுவந்தார். மற்ற இதழ்களும் பின்பற்றின. இன்று அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. ஆனாலும் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு 'இந்த நாள், இந்த நேரம் வரை முடிவுகளைப் பேசக் கூடாது' என்று சொல்லும் இதழ்கள் இருக்கின்றன. ஏற்புக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் முடிவுகளையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு கண்டுபிடிப்புக்கான காப்புரிமையில் (patent) வரும். மாநாட்டில் தன் ஆய்வை விளக்கும் போஸ்டருக்கு முன் நின்று ஒருவர் செல்ஃபி எடுத்துப் போடுகிறார். பின்னால் மின்சுற்று வரைபடம் தெளிவாகத் தெரிகிறது. விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளிக்கு வந்த கண்டுபிடிப்பை ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டம் புதியதாகக் கருதாது. அந்தப் படமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடலாம். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. காப்புரிமை எண்ணம் இருந்தால் விண்ணப்பம் போன பிறகு படம் போடலாம்.

அடுத்தது, பதிப்பாளர் வடிவமைத்துத் தந்த பிடிஎஃப்பை அப்படியே ஏற்றிவிடுவது. எழுதியவர் நாம்தானே என்று தோன்றும். ஆனால் பல ஒப்பந்தங்களில் அந்த வடிவத்தின் உரிமை பதிப்பாளரிடம் போய்விடுகிறது. ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்தின் மீது, ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017இல் ஜெர்மனியில் வழக்குப் போட்டது இந்த விவகாரத்தில்தான். மற்றவர்கள் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த கட்டுரையென்றால், உரிம நிபந்தனைக்கு உட்பட்டுப் பகிரலாம். மற்றபடி, மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட, பதிப்பாளர் வடிவமைக்காத உங்கள் பிரதியை எங்கே, எப்போது வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பதிவில் டிஓஐ (DOI, கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இணைப்பைக் கொடுங்கள். முதல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் போட்டால் படிப்பவரும் கட்டுரைக்குப் போக முடியாது, கட்டுரை இணையத்தில் எங்கெல்லாம் குறிப்பிடப்படுகிறது என்று எண்ணும் ஆல்ட்மெட்ரிக் போன்ற கணக்கெடுப்புகளிலும் அது பெரும்பாலும் சேராது. அந்த எண் ஏறினால் துள்ளவும் வேண்டாம். அது காட்டுவது எவ்வளவு பேசப்பட்டது என்பதை மட்டுமே, திட்டு வாங்கினாலும் ஏறும்.

சரி, பதிவில் என்ன எழுதுவது? 'என் கட்டுரை வெளியாகியிருக்கிறது, மகிழ்ச்சி, இணைப்பு கீழே' என்பதைப் பார்த்து நண்பர்கள் வாழ்த்துவார்கள், யாரும் இணைப்பைத் திறக்க மாட்டார்கள். மறுபக்கம், 'இரவில் அலைபேசி பார்த்தால் தூக்கம் கெடும் என்று நிரூபித்துவிட்டோம்' என்று முழங்குவது. ஒரு கருத்துக்கணிப்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. 'இரவில் அலைபேசி பார்ப்பதாகச் சொன்ன மாணவர்கள் குறைவாகத் தூங்குவதாகவும் சொன்னார்கள். எது காரணம், எது விளைவு என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது' என்று எழுதினால் இரண்டே வரியில் முடிவும் வரம்பும் வந்துவிடும். வரம்பை அடுத்த பதிவுக்குத் தள்ளாதீர்கள், பகிர்பவர்கள் முதல் பதிவைத்தான் பகிர்வார்கள். எலிகளிடம் மட்டும் சோதித்ததை மனிதருக்கானதுபோல் எழுதும் செய்திகளை எடுத்து 'எலிகளில்' என்று மட்டும் சேர்த்துப் போடும் ட்விட்டர் கணக்கு ஒன்றை ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019இல் தொடங்கினார். அது அவ்வளவு பிரபலமானதிலிருந்தே இந்தத் தவறு எவ்வளவு சகஜம் என்று தெரியும்.

கவிதையைப் படமாக்கிப் போடுபவர்கள் பெயரை ஓரத்தில் சின்னதாகப் போடுகிறார்கள். வெட்டிப் பகிர்பவருக்கு அது ரொம்ப வசதி. பெயர் கடைசி வரியை ஒட்டியே இருக்கட்டும். படத்துக்கான மாற்று உரைப் (alt text) பெட்டியில் கவிதையையும் எழுதிவிடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்கு அது இல்லாமல் உங்கள் கவிதை வெறும் 'படம்'தான்.

மாணவர் விடைத்தாளிலிருந்து வேடிக்கையான வரியை எடுத்துப் போடுவது, நேர்காணல் தந்தவரைப் பெயர் சொல்லாமலேயே அடையாளம் காட்டிவிடுவது, ரகசியமாக வந்த மதிப்பீட்டாளர் கடிதத்தைக் கோபத்தில் வெளியிடுவது, இதெல்லாம் வேண்டாம். மோசமான விமர்சனத்துக்கு அன்று இரவே பதில் எழுதுவதும் அப்படித்தான்.

பதிவில் பிழை இருப்பது தெரிந்தால் ஓசைப்படாமல் அழித்துவிடத் தோன்றும். ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் திருத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய பதிவின் கீழேயே, எது தவறு, எது சரி என்று எழுதுங்கள். தளம் அனுமதித்தால் மூலப் பதிவின் முதல் வரியிலும் 'திருத்தம் கீழே உள்ளது' என்று சேருங்கள். அதைப் பகிர்ந்தவர்களில் தெரிந்தவர்கள் இருந்தால் நேரடியாக ஒரு செய்தியும் அனுப்பிவிடலாம்.